பின் கண்ணாடியில் ஒன்றுமில்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பஞ்சாயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சலவைக் கம்பெனியின் வேன் டிரைவர், அதாவது வேன் சாவியைப் பறிகொடுத்துவிட்டுத் துணி மடிக்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர், மனைவியையும் மகளையும் எதிரே உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"இனிமே நான் கேட்டா நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லாதீங்க."

மகள் சரி என்றாள். மனைவியும் தலையை ஆட்டினாள். "நாளைக்குக் கண்டிப்பா தெச்சுக் குடுத்துடறேம்மா" என்று சொல்லும்போது தையல்காரர் ஆட்டுவாரே, அந்த மாதிரி ஓர் ஆட்டல்.

கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி என்ன என்று சொல்லிவிட வேண்டும். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து 'தொம்' என்று சத்தம் வந்தால், நீங்களும் நானும் ரோடு போட்டவனைத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அப்பாவால் அது முடியாது. இடித்தது பள்ளத்திலா, ஒரு மனுஷன் மேலேயா என்ற சந்தேகம் அந்தச் சத்தத்தோடு சேர்ந்தே அவர் வயிற்றில் இறங்கிவிடும். வண்டியைத் திருப்புவார். வந்த வழியே போய்ப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. நிம்மதியாகத் திரும்பி வரும்போது அதே பள்ளத்தில் மறுபடியும் 'தொம்'. மறுபடியும் திருப்புவார்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகள் நேரத்துக்குப் போகாமல் நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடந்தார்கள். டிப்போவில் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் விழுந்தது. கடைசியில் சாவியும் போனது.

வீட்டுக் காரில் போகும்போது வேறு ஏற்பாடு. அம்மா முன் ஸீட்டில், அவர் பக்கத்தில். சத்தம் வந்ததும் அவர் "என்ன அது?" என்பார். அவள் "ஒண்ணுமில்லைங்க, பள்ளம்தான்" என்பாள். அது போதவில்லை என்றால் பின் ஸீட் வேலைக்கு வரும். நிற்கத் தெரிந்த வயதிலிருந்தே மகள் அங்கே முட்டி போட்டு, பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பின்னாடி பாரு கண்ணு" என்று அப்பா சொன்னதும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பாள்.

'கண்டக்டர்' என்ற செல்லப்பெயர் அவளுக்கு வந்தது அப்படித்தான். சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெண், பள்ளிக்கூடமோ கடைத்தெருவோ கடற்கரையோ, போன இடத்துக்கெல்லாம் பின்பக்கமாகவே போயிருக்கிறாள். ஒரு மரம் தன்னை நோக்கி வருவதை அவள் அப்பாவின் காரிலிருந்து பார்த்ததே இல்லை. எல்லாமே விலகித்தான் போயிருக்கின்றன.

அந்தக் கண்டக்டருக்குத்தான் இப்போது வேலை கிடைத்திருக்கிறது. கடல் நடுவே ஒரு தீவு, அதில் ஒரு வானிலை நிலையம். காற்றையும் மழையையும் அளந்து கரைக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு படகு. இன்று பதினொரு மணிக்கு. அதை விட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். அடுத்த ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக இருப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பஸ் வேண்டாம், டாக்ஸி வேண்டாம் என்று அடம்பிடித்தவள் அவள்தான்.

"அப்பாதான் கொண்டுவந்து விடணும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அப்பா பக்கத்துல உக்காந்து, முன்னாடி பாத்துக்கிட்டுப் போகணும் நான்."

அப்பா "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

*

அம்மாவுக்கு அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை. இதை ஒளித்து வைத்துப் பிரயோஜனமில்லை, சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. தம்பியின் டயர் கடைக்குப் போனாள்.

"நாளைக்குக் காலைல நாங்க கிளம்பினதும் நீ பின்னாடியே வா. அவர் கண்ணுல படாம வா."

"எதுக்குக்கா?"

"வழியில அவர் வண்டியைத் திருப்பிட்டார்னா, பொண்ணை உன் வண்டியில ஏத்திக் கொண்டுபோய்ப் படகுல விட்டுடு."

"அவ்வளவுதானே, விட்டுடறேன்."

அவ்வளவுதான் இல்லை. அவள் அங்கேயே நின்று கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. ஒவ்வொரு பள்ளம் தாண்டினதும் ரோட்டை ஒரு பார்வை பாத்துட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. ஒண்ணுமில்லன்னா ஒரு மிஸ்டு கால்."

தம்பி கையிலிருந்த ஜாக்கியைக் கீழே வைத்தான்.

"அத்தானுக்குத்தானே சந்தேகம் வரும்? உனக்கு எதுக்கு மிஸ்டு கால்?"

"சொன்னதைச் செய்டா."

செய்தான். அக்கா சொல்லி அவன் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறான். தன் சிவப்புக் காரை அத்தான் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிடுவார் என்று, நண்பன் ஒருவனிடம் சாம்பல் நிறக் கார் ஒன்றை இரவல் வாங்கினான். அதிலேயே பாதி விபரீதம் ஒளிந்திருந்தது. அது அப்போது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

*

காலையில் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் அம்மா பழக்க தோஷத்தில் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா," கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு இது என் ஸீட்டு."

அம்மா இறங்கிப் பின்னால் போனாள். பக்கத்தில் சுருட்டிக் கட்டிய மெத்தை. மடியில் கைப்பை. கைப்பைக்குள் சத்தத்தை அடக்கி வைத்த போன்.

"பின்னாடி திரும்பக் கூடாது, தெரியுமில்ல?" என்றாள் மகள்.

"தெரியும் தெரியும். நீ பெல்ட்டைப் போடு."

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பின் சக்கரத்து மூடி கொஞ்சம் ஆடுது. போயிட்டு வந்து மாத்திக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினார். கையைத் துடைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மறுபடியும் துடைத்துவிட்டுப் பிடித்தார்.

"மனநல ஆலோசகர் அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு தடவை சொல்லிக்கறேன். திரும்பக் கூடாது. நிறுத்தக் கூடாது. ஆமை மாதிரி ஊர்ந்தும் போகக் கூடாது. சந்தேகம் வந்தா, தெரியலைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

"நாங்க?" என்றாள் மகள்.

"நான் கேட்டா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதில்லன்னு சொல்லணும். நீங்க சொல்ற ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'யும் அடுத்த கேள்விக்குப் போடற தீனியாம்."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தாரா, தெருவைப் பார்த்தாரா என்பது அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் மெத்தையின் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் முதல் வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. அப்பாவின் தோள் இரண்டும் காதைத் தொட்டன.

"என்ன அது?"

அம்மாவின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. 'ஒண்ணு' வரைக்கும் வந்துவிட்ட வார்த்தையை எச்சிலோடு விழுங்கினாள்.

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதில்லப்பா" என்றாள் மகள்.

அப்பாவின் கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் தவித்தது. வண்டி வேகம் குறைந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"தெரியல," என்றார் அப்பா. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போறேன்."

போனார். நிஜமாகவே போனார். மகள் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே வரும் கடைகளையும் மரங்களையும் புதுசாகக் கல்யாணமானவள் மாதிரி ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் மடியில் கைப்பை ஒருமுறை விர்ரென்று துடித்து அடங்கியது. மிஸ்டு கால். ஒன்றுமில்லை. அவள் மூச்சு இறங்கியது.

அடுத்த பள்ளம், அடுத்த துடிப்பு. அடுத்தது, அடுத்தது. சந்தைப் பக்கம் தாண்டி ரயில் கேட்டு தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் அவளுக்கு அந்த விர்ருக்குக் காது ஏங்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் தாமதமானால் கை தானாகப் பைக்குள் போனது.

கடையில் அவள் செய்யும் வேலையே இதற்கு நேர் எதிரானது, அதுதான் வேடிக்கை. கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடியைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். சிலர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சிலர், இன்னொரு தடவை முதல்ல போட்டதைக் காட்டுங்க, இன்னொரு தடவை இதைக் காட்டுங்க என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். கேட்கக் கேட்கக் கண் களைத்து எல்லாமே மங்கலாகிவிடும். "போதுங்க, முதல்ல சொன்னதே இருக்கட்டும்" என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் முடித்துவிடுவாள். ஊராருக்குச் சொல்லத் தெரிந்தது வீட்டில் சொல்ல வரவில்லை. கட்டிக்கொண்ட மனுஷன் வேர்த்து விறுவிறுத்து முகத்தைப் பார்க்கும்போது, ஒரு வார்த்தையில் அவர் முகம் தெளியும் என்றால், அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க அவள் என்ன கல்லா?

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். பள்ளமென்றால் சாதாரணப் பள்ளம் இல்லை, கார் விழுந்து எழுந்ததில் மெத்தையே ஒரு துள்ளுத் துள்ளியது. பின்பக்கம் எங்கோ 'டங்' என்று ஒரு சத்தமும் கேட்டது.

அப்பா வாய் திறக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பாலத்தின் மேல் ஏறிவிட்டார். நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கியது. மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அம்மா மிஸ்டு காலுக்காகக் காத்திருந்தாள்.

வந்தது. ஆனால் ஒரு துடிப்போடு நிற்கவில்லை. துடித்தது, துடித்தது, துடித்துக்கொண்டே இருந்தது. அடங்கி, மறுபடியும் துடித்தது. இது மிஸ்டு கால் இல்லை. தம்பி நிஜமாகவே கூப்பிடுகிறான். எடுத்துப் பேச வழியில்லை. அவள் கைப்பையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பா கண்ணாடியைப் பார்த்தார்.

"அந்தச் சாம்பல் கலர் வண்டி சந்தையிலிருந்தே நம்ம பின்னாடி வருது."

இதற்குப் பதில் சொல்லலாமா கூடாதா என்று மகளுக்கே குழப்பம்.

அப்பா வேகத்தைக் குறைத்தார். சாம்பல் காரும் குறைத்தது. அப்பா கூட்டினார். அதுவும் கூட்டியது. பிறகு அதன் விளக்குகள் இரண்டும் அணைந்து எரிந்து அணைந்து எரிந்தன. கையை வேறு வெளியே நீட்டி ஆட்டினான் அந்தப் புத்திசாலி.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நிறுத்தச் சொல்றாங்க. நான் யாரையோ இடிச்சிருக்கேன். பாத்துட்டுத் துரத்திக்கிட்டு வர்றாங்க."

"அப்பா, ஆலோசகர் சொன்ன விதி—"

"விதியாவது மண்ணாவது. இது சந்தேகம் இல்லம்மா, கண்ணுக்கு நேரா நடக்குது." வண்டியை ஓரத்தில் ஒதுக்கினார். புழுதி எழுந்தது. சாம்பல் கார் கொஞ்சம் தள்ளி, பின்னாலேயே நின்றது. அப்பா கதவைத் திறக்கக் கை வைத்தார். கை கதவின் பிடியில் நிற்காமல் வழுக்கியது. இறங்கினால் பாலத்துக்கு நடந்தே போவார். போனால் இன்றைக்குத் திரும்ப மாட்டார். படகு போய்விடும்.

எத்தனையோ வருஷமாக அந்த மனுஷன் பயந்து பயந்து எதிர்பார்த்த பேய், கடைசியில் பின்னால் வந்தே விட்டது. அதை வரவழைத்தது யார்? அம்மாதான். இதைவிட அவமானமாக அவள் வாழ்க்கையில் எதையும் உணர்ந்ததில்லை.

"இறங்காதீங்க," என்றாள். "அது என் தம்பிங்க."

அப்பா கதவைப் பிடித்தபடியே திரும்பினார்.

"நான்தான் வரச் சொன்னேன். நீங்க திருப்பிட்டா பொண்ணை ஏத்திக்கிட்டுப் போகட்டும்னு." நிறுத்தினாள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடலாம்தான். விழுங்கவில்லை. "ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாத்துட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொன்னேன். ஒண்ணுமில்லன்னு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் விரலிடுக்கில் வந்தது.

அப்பா கத்துவார் என்று அம்மா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மிஸ்டு கால் எனக்கா, உனக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் கைப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத்தான்."

லாரி ஒன்று காரை உலுக்கிவிட்டுக் கடந்து போனது. அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகுவதைக் கண்ணாடியில் அவள் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் நான் ஒருத்தன்தான் இந்த வண்டியில பைத்தியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "கண்டக்டர், மணி என்ன?"

"பத்தாகப் போகுதுப்பா."

"போனை எடும்மா. அவனைத் திரும்பிப் போகச் சொல்லு."

"படகு போயிடுச்சுன்னா?"

"கொண்டுபோய்ச் சேர்க்கறேன். நான்தானே சொல்றேன்."

அம்மா போனை எடுத்தாள். ஒரே ஒரு அழைப்பு மணிதான் அடித்தது.

"அக்கா, எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன், எடுக்க மாட்டியா? அந்தப் பாலத்துப் பள்ளத்துல—"

அவள் உடம்பு முழுக்கக் காதானது. இன்னும் நாலு வார்த்தை கேட்டால் போதும். விஷயம் தெரிந்துவிடும், நெஞ்சு அடங்கிவிடும். முன் ஸீட்டில் கணவர் நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும், முதல் நாலு வார்த்தை.

"நீ திரும்பிப் போடா," என்றாள்.

"இல்லக்கா, அங்க என்ன ஆச்சுன்னா—"

அவள் போனை வைத்துவிட்டாள். வைத்தது மட்டுமல்ல, அணைத்தே விட்டாள்.

*

சாம்பல் கார் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. அப்பா வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

இனி அம்மா பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்தது. பாலத்துப் பள்ளத்தில் என்ன? தம்பி எதற்கு விடாமல் கூப்பிட்டான்? விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தானே, சும்மாவா? 'டங்' என்று கேட்டதே, அது எதன் மேல் பட்ட சத்தம்? ஒவ்வொரு கேள்வியும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. கழுத்து பின்பக்கம் திரும்பத் துடித்தது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன? ஒரே ஒரு தடவை போனைப் போட்டால் என்ன?

இதுதானா அது? ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பள்ளத்துக்கும், இந்த மனுஷன் இதைத்தான் வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாரா? அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளே தவிர, உள்ளே இப்படி இருக்கும் என்று ஒருநாளும் தெரிந்துகொள்ளவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மாமா பாத்துட்டு நிக்காம வந்திருக்காருன்னா..." என்று மகள் ஆரம்பித்தாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுவும் ஒரு பதில்தானே.

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவால் முடியவில்லை.

"என்னங்க."

"ம்."

"அந்தப் பாலத்துல... ஒண்ணுமில்லல்ல?"

கண்ணாடியில் இருவர் பார்வைகளும் சந்தித்தன. அவர் மட்டும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தால் அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். அவரும் பள்ளத்தைத்தான் தாண்டியவர், அவருக்கு மட்டும் என்ன தெரியும் என்று ஒருகணம்கூட யோசித்திருக்க மாட்டாள்.

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லம்மா" என்றார் அப்பா.

கடுமையாகச் சொல்லவில்லை. அவர் அவளிடம் இத்தனை அன்பாகப் பேசிப் பல வருஷமாயிற்று. அவளுக்கு அழுகையும் வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. பதில் சொல்லாமல் இருப்பது கல்நெஞ்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, அது அப்படி இல்லை என்று தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியல" என்று சொல்லிப் பார்த்தாள். வாய்க்குப் பழகாத வார்த்தை. மறுபடியும் சொன்னாள். "தெரியல. போங்க."

அவர் போனார். வழியில் இன்னும் பள்ளங்கள் இருந்தன, இல்லாமல் எங்கே போகும். ஒன்றில் தோள் ஏறியது, ஒன்றில் கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது. ஒரு வளைவில் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். "தெரியல, தெரியல" என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டார்கள். பஜனை கோஷ்டி மாதிரி இருந்தது என்று பிற்பாடு மகள் கேலி செய்தாள்.

வயிற்றுக் கல் கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். அது இருந்த இடத்தில் இருந்தது. அதோடேயே உட்கார்ந்திருக்கவும் முடிந்தது.

"அம்மா, முன்னாடி பாரு," என்றாள் கண்டக்டர்.

ரோடு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இறங்கிய இடத்தில் கடல், கண்ணாடி முழுக்கக் கடல், அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மகள் டாஷ்போர்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

*

படகுத்துறையில் கேட்டைச் சாத்தப் போன காவலாளி, மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்த மனுஷனைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். பெட்டிகள் கை மாறின. அழுவதற்கு நேரமில்லாமல் போனது நல்லதாகப் போயிற்று.

"சாப்பிடு. போன் பண்ணு," என்றாள் அம்மா. நாக்கு நுனியில் இன்னும் நிறைய இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பண்றேன். நடுவுல பண்ணலைன்னா என்ன அர்த்தம்?"

அம்மா ஒருகணம் யோசித்தாள். "தெரியலன்னு அர்த்தம்."

"அது," என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள் கண்டக்டர்.

அப்பா மகளின் தோள்பையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை இன்னொரு தரம் சரிசெய்யப் போன கையைத் தானே மடக்கிக்கொண்டார்.

பலகையில் ஏறிப் படகின் முன்பக்கத்துக்குப் போனாள். எல்லோரும் கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கடலைப் பார்த்து நின்றாள். திரும்புவாள் என்று அம்மா காத்திருந்தாள். அப்பா காத்திருக்கவில்லை. அவருக்குத் தெரியும்.

என்ஜின் உறுமியது. கயிறு அவிழ்ந்தது. திரும்பாமலே, ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி, படகே அதிரும்படி அவள் குரல் கொடுத்தாள்.

"போலாம் ரைட்!"

பின்னால் எதுவும் பார்க்காமல் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா அந்தத் துறையின் நடுவில் நின்றுகொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லவில்லை.

*

திரும்பும்போது முன் ஸீட் காலியாக இருந்தது. அம்மா அதில் ஏறி உட்கார்ந்தாள். அணைத்த போன் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றியதா என்றால், தோன்றிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போக அந்த ஒரு ரோடுதான். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நாளைக்கு டிப்போவுல மேனேஜரைப் பாக்கப் போறேன்," என்றார் அப்பா. "வேனை ஒரு நாள் குடுத்துப் பாருங்கன்னு கேக்கப் போறேன்."

"கேளுங்க."

"குடுப்பாரா?"

அம்மா வாயைத் திறந்து மூடினாள். அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் வளைவில் வண்டியைத் திருப்பினார்.

பாலம் தெரிந்தது. பாலத்தின் அந்தப் பக்கம், பள்ளத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் கார் ரோட்டோரம் நின்றிருந்தது. அதைச் சுற்றி நாலைந்து பேர். நடுவில் தம்பி. அவர்களின் காரைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். இன்னொரு கையில் பளபளவென்று எதையோ பிடித்திருந்தான். அது என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை.

அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் கை கைப்பைமேல் போயிற்று. வயிற்றுக் கல் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அசைந்தது.

அவர் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

"என்ன அது?" என்றார்.

"தெரியல," என்றாள் அம்மா. கைப்பையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை முன்னாடிதான் இருக்கு. போங்க, பாக்கலாம்."